தென்காசி பக்கம் இடம் வாங்கப் போறீங்களா? சாரல மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க

சீசன்ல ரெண்டு நாள் குத்தாலம் வந்து குளிச்சுட்டு, ஈரத் துண்ட தோள்ல போட்டுக்கிட்டே "இங்க ஒரு அஞ்சு சென்ட் வாங்கிப் போட்டா என்ன"ன்னு கேக்குற ஆளுங்கள வருஷா வருஷம் பாக்குறேன். நானும் அப்படிக் கேட்டவன்தான். சென்னையில இருந்து வொர்க் ஃப்ரம் ஹோம் புண்ணியத்துல இந்தப் பக்கம் வந்து, பொண்டாட்டி ஊரு பாவூர்சத்திரம் பக்கத்துல முதல்ல வாடகைக்கு இருந்து, அப்புறம் வாங்கி, நடுவுல ஒரு தடவ ஏமாறப் பாத்து தப்பிச்சு, இப்ப யாராவது போன் பண்ணி விசாரிச்சா ஒரு மணி நேரம் பேச வேண்டியதா இருக்கு, அதான் எழுதியே போட்டுரலாம்னு.

முதல்ல ஒன்னு சொல்லிடுறேன். வந்த உடனே வாங்காதீங்க. ஒரு வருஷம் வாடகைக்கு இருங்க, முடியலன்னா ஆடி மாசம் ஒரு வாரம், கார்த்திகையில ஒரு வாரம், சித்திரையில ஒரு வாரம்னு மூணு தடவையாவது வந்து தங்கிப் பாருங்க. இந்த மாவட்டம் 2019 நவம்பர் 22ல திருநெல்வேலியில இருந்து பிரிஞ்சுச்சு, ஆனா இது ஒரே மாதிரி ஊரு இல்ல. செங்கோட்டை, பண்பொழி, மேக்கரைன்னு மலையடிவாரம் ஒரு மாதிரி, கிழக்க ஆலங்குளம், சங்கரன்கோவில்னு போகப் போக வேற மாதிரி. மேக்க சாரல் விழுந்து துணி காயாம நாறிட்டு இருக்கும்போது கிழக்க காத்து மட்டும் பேய் மாதிரி அடிக்கும், மழை இருக்காது. ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற அந்த காத்து ஜூன்ல இருந்து மூணு மாசம் சும்மா இருக்காது, தகர ஷீட்டு போட்ட மாட்டுத்தொழுவம் எல்லாம் பறக்கும், மரக்கிளை லைன்ல விழுந்து கரண்ட் போகும். ஜூம் கால்ல உக்காந்திருக்குறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு சென்னையில இருந்துக்கிட்டு புரியாது, இன்வெர்ட்டர் செலவையும் வீட்டு விலையோட சேத்துக்கோங்க.

இங்க விலை எப்படி தெரிஞ்சுக்குறது

சென்னை மாதிரி ஆப்ல போட்டு ஃபில்டர் பண்ணிப் பாக்குற கதை இங்க பாதிதான் நடக்கும். நல்ல இடம் ஆன்லைனுக்கே வராது, டீக்கடையில பேசி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அச்சாரம் குடுத்து முடிஞ்சுரும். ஆன்லைன்ல வர்றது பெரும்பாலும் புதுசா போட்ட லேஅவுட்டும், ரொம்ப நாளா போகாம கிடக்குற இடமும்தான். புரோக்கர் இல்லாம முடியாது, ஆனா ஒருத்தர மட்டும் நம்பாதீங்க, ஒரே இடத்துக்கு மூணு பேர்கிட்ட விலை கேட்டா மூணு விலை வரும், அதுல ஒருத்தர் கமிஷன் போக மேல வச்சு விக்கிற ஆளா இருப்பாரு.

எனக்கு ரொம்ப உதவுன ஒரு வழி சொல்றேன். பத்திரப்பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் சைட்ல வில்லங்கம் ஃப்ரீயா பாக்கலாம்ல, அதுல நீங்க வாங்கப் போற சர்வே நம்பர மட்டும் போடாம சுத்தி இருக்குற நாலஞ்சு சர்வே நம்பரையும் போட்டுப் பாருங்க. போன ரெண்டு மூணு வருஷத்துல யார் யாருக்கு எவ்வளவுக்கு கிரயம் ஆச்சுன்னு தொகை வரும். அது முழு உண்மை இல்ல, நிறைய பேர் கைடுலைன் வேல்யூவுக்கு, அதாவது அரசு வச்சிருக்குற வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரத்துல போட்டுட்டு மிச்சத்த கையில குடுக்குறாங்க, ஆனாலும் ஒரு அடிமட்டம் தெரிஞ்சுரும். அந்த "கையில" விஷயத்துக்கு நீங்க போகாதீங்க, இடம் விக்கிறவரு 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கேஷா வாங்குனா அதே அளவு தொகைய அந்த விக்கிறவருக்கே இன்கம்டாக்ஸ் பெனால்டியா போட சட்டம் இருக்கு, இத சொன்னாலே பாதி பேரு செக்குக்கு ஒத்துக்குறாங்க.

பத்திரச் செலவ மறந்துட்டு பட்ஜெட் போடாதீங்க. கைடுலைன் வேல்யூ, நிஜ விலை ரெண்டுல எது அதிகமோ அதுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. இருபது லட்சத்துக்கு ஒரு லட்சத்து எம்பதாயிரம் போச்சு. 10 லட்சத்துக்குள்ள இருக்குற சொத்த பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா 2025 ஏப்ரல் 1ல இருந்து பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு, சின்ன மனை வாங்குறவங்க வீட்டம்மா பேர்ல போடுங்க, அதுக்கு மேல என்ன யோசனை.

அளவு விஷயத்துல ஒரு குழப்பம் வரும். பெருசுங்க கோட்டை, மரக்கான்னு விதைப்பாட்டுக் கணக்குல, அதாவது எவ்வளவு விதை விதைக்கலாம்ங்கிற கணக்குல பேசுவாங்க, புரோக்கர் சென்ட்ல பேசுவாரு, பட்டாவுல ஹெக்டேர்-ஏர்ல இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு ஏர் 2.47 சென்ட். பட்டாவுல 0.04.00னு இருந்தா அது 4 ஏர், பத்து சென்ட்டுக்கு கொஞ்சம் கம்மி. சொல்றது பத்தரைன்னா அந்த அரை சென்ட் எங்க இருக்குன்னு கேளுங்க, முக்காவாசி நேரம் வாய்க்கா புறம்போக்குல இருக்கும்.

மேக்கரை கதை

இப்ப நான் ஏமாறப் பாத்தது. மேக்கரை பக்கம் 40 சென்ட், அம்பது அறுபது தென்னை, பின்னாடி மலை, மலையில மேகம் இறங்கி நிக்குது. விலையும் கம்மி. புரோக்கர் பைக்ல வச்சு வயக்காட்டு வரப்பு மேல கூட்டிட்டுப் போனாரு, நான் வீடியோ எடுத்துக்கிட்டே போறேன், மனசுக்குள்ள வீடே கட்டி முடிச்சாச்சு. மாமனார் பின்னாடி நடந்து வந்தாரு, இடத்த பாக்கவே இல்ல, வந்த வழியத்தான் திரும்பித் திரும்பி பாத்தாரு. "மாப்ள, இதெல்லாம் சரி, செங்கல் லாரி எந்த வழியா வரும்?" அவ்வளவுதான் கேட்டாரு. புரோக்கர் உடனே "அது முன்னாடி இருக்குற அண்ணாச்சி நிலம், நல்ல மனுசன், விட்டுருவாரு"ன்னாரு.

வீட்டுக்கு வந்து அரசு ஈ-சர்வீசஸ் சைட்ல எஃப்.எம்.பி எடுத்துப் பாத்தா, அதாவது புலப்படம், அதுல வண்டிப்பாதைன்னு ஒரு கோடும் இல்ல. நாலு பக்கமும் அடுத்தவங்க பட்டா. மூலப்பத்திரத்துலயும் பாதை பாத்தியம்னு ஒரு வரி கிடையாது. அந்த அண்ணாச்சி இருக்குற வரைக்கும் விடுவாரு, அவரு புள்ளைங்க வேலி போட்டா நான் தென்னைமரத்துல ஏறி இறங்க வேண்டியதுதான். விலை ஏன் கம்மின்னு அப்பத்தான் விளங்குச்சு.

அதனால கிராமத்துல இடம் பாக்கும்போது இடத்துக்குள்ள நிக்கிற நேரத்த விட வெளிய நிக்கிற நேரம் அதிகமா இருக்கணும். பாதை பத்திரத்துல எழுதியிருக்கா, எத்தன அடி அகலம், வண்டிப்பாதையா நடைபாதையா, அது யார் நிலத்து வழியா போகுது. இது சரியில்லன்னா மத்தத பாக்கவே வேண்டாம், திரும்பி வந்துருங்க.

தண்ணி

இத கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும், ஏன்னா இங்க வாழ்க்கைத் தரம்னா அதுல பாதி தண்ணிதான். தோட்டம், வயல் வாங்குனீங்கன்னா பத்திரத்துல "கிணற்றில் நாலில் ஒரு பங்கும்"னு ஒரு வரி வரும், அத பாத்து சந்தோசப்படாதீங்க. அந்த கிணத்துல மத்த மூணு பங்கு யாருது, மோட்டார் சர்வீஸ் யார் பேர்ல இருக்கு, முறை எப்படி, ஒரு ஆளுக்கு எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி, இதெல்லாம் பத்திரத்துல இருக்காது, ஊர் வாயில இருக்கும். பக்கத்து பங்காளிக்கும் விக்கிறவருக்கும் பத்து வருஷமா பேச்சுவார்த்தை இல்லன்னா அந்தச் சண்டையும் சேத்துத்தான் உங்களுக்கு கிரயம் ஆகுது.

போர் போடலாம்னு ஈசியா சொல்லுவாங்க. பக்கத்துல இருக்குற நாலு போர் எத்தன அடின்னு கேளுங்க, சித்திரை வைகாசியில ஓடுதான்னு கேளுங்க. ஐப்பசியில எல்லா போரும்தான் ஓடும். தண்ணிய வாயில விட்டுப் பாருங்க, கிழக்க நிறைய இடத்துல சவுறு, குளிச்சா சோப்பு நுரைக்காது, ஹீட்டர் காயில் வெள்ளை பூத்துரும். தாமிரபரணி கூட்டுக் குடிநீர் அந்தத் தெருவுக்கு வருதா, எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுன்னு ஆம்பளைங்ககிட்ட கேக்காதீங்க, குடம் தூக்குற அக்காங்ககிட்ட கேளுங்க, கிழமையோட மணியோட சொல்லுவாங்க.

இன்னொரு பக்கம், தண்ணி ஜாஸ்தியா வர்ற ஆபத்து. இந்த மாவட்டம் பூரா குளம். ஒரு குளம் நிறைஞ்சா மறுகால் பாஞ்சு அடுத்த குளத்துக்குப் போகும், அது சங்கிலி மாதிரி காலங்காலமா இருக்கு. அந்த மறுகால் ஓடை பல வருஷம் காஞ்சு கிடக்கும், ஆடு மேயும், பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க, அத ஒட்டி ஒருத்தர் மண்ணடிச்சு "நகர்"னு போர்டு வச்சிருப்பாரு. 2023 டிசம்பர் 17, 18ல தென் மாவட்டத்துல கொட்டுன மழைய நினைச்சுக்கோங்க, அந்த நேரத்துல இந்த இடத்துல தண்ணி எங்க வரைக்கும் நின்னுச்சுன்னு பக்கத்து வீட்டுல கேளுங்க. சில வீட்டுச் சுவத்துலயே கறை கோடு இருக்கும், கேக்கவே வேண்டாம். எனக்கு ஒரு மனை காட்டுனாங்க, காம்பவுண்டு சுவரு புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தது, உள்ள நின்ன வேப்பமரத்துல மட்டும் இடுப்பு உயரத்துல காஞ்ச பாசியும் ஒரு பால் பாக்கெட்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பால் பாக்கெட்டு தானா மரம் ஏறாது.

மண்ணும் பாக்கணும். மேக்க பெரும்பாலும் செம்மண், சங்கரன்கோவில் திருவேங்கடம் பக்கம் கரிசல். கரிசல் மழையில ஊதும், வெயில்ல வெடிக்கும், சாதாரண அஸ்திவாரம் போட்ட வீட்டுல ஜன்னல் மூலையில இருந்து சாய்வா விரிசல் விழும். இடம் விலை கம்மின்னு அங்க போனா அஸ்திவாரத்துல அந்த மிச்சம் போயிரும், ஊர்ல ஏற்கனவே கட்டுன பத்து வருஷ வீட்ட உள்ள போய் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

பேப்பர் வேலை

லாயர் பாப்பாருன்னு விட்டுராதீங்க, லாயர் நீங்க குடுக்குற பேப்பரத்தான் பாப்பாரு. வில்லங்கம் 30 வருஷத்துக்கு போதும்பாங்க, பல சார்பதிவாளர் ஆபீஸுக்கு 1975ல இருந்தே ஆன்லைன்ல கிடைக்குது, ஃப்ரீதான, முழுசா எடுங்க. பட்டா, அ-பதிவேடு, எஃப்.எம்.பி மூணும் எடுங்க. அ-பதிவேடு முக்கியம், ஏன்னா அங்கதான் நிலத்தோட வகை தெரியும். புறம்போக்கா, கோயில் நிலமா, பஞ்சமி நிலமா, எல்லாம் அங்க பிடிபடும். பஞ்சமி நிலம் பட்டியல் சமூக மக்களுக்காக வெள்ளைக்காரன் காலத்துல 1892ல இருந்து ஒதுக்குனது, வேற ஆளுக வாங்குனா கிரயம் செல்லாது, எத்தன கை மாறியிருந்தாலும் செல்லாது. பட்டாவுல பேரு தப்பா இருக்குறது இங்க சகஜம், 1980கள்ல நிலப் பதிவேட்ட புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர் சர்வேயில விழுந்த தப்பு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. "வாங்குனதுக்கப்புறம் மாத்திக்கலாம் சார்"னு சொன்னா, மாத்திட்டு வாங்க வாங்கிக்கிறேன்னு சொல்லுங்க.

வாரிசு. இங்க இதுதான் பெரிய குழி. தெருவுல அழகா ஒரு ஓட்டு வீடு, திண்ணை, தேக்கு தூணு, விலையும் பரவாயில்ல, விக்கிறது அண்ணன் தம்பி ரெண்டு பேரு. தங்கச்சி இருக்காங்களான்னு கேட்டா "அவளுக்கு கல்யாணத்துக்கே நகை போட்டாச்சு, அவ ஒன்னும் கேக்க மாட்டா". அவங்க கேக்க மாட்டாங்க, அவங்க புள்ள கேப்பான். பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கு சம பங்குன்னு தமிழ்நாட்டுல 1989லயே சட்டம் வந்தாச்சு, 2005ல மத்திய சட்டமும் திருத்தியாச்சு, அப்பா அப்ப உயிரோட இல்லன்னாலும் உரிமை உண்டுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாச்சு. முஸ்லிம் குடும்பத்துலயும் பொண்ணுங்களுக்கு பங்கு உண்டு. வாரிசு சர்டிபிகேட்ல உள்ள எல்லாரும் கையெழுத்து போடணும், ஒருத்தர் துபாயில இருந்தா பவர் வாங்கி அனுப்பணும், அந்த பவர் இன்னும் உயிரோட இருக்கா, குடுத்தவர் உயிரோட இருக்காரான்னும் பாக்கணும். கடையநல்லூர் மாதிரி வளைகுடா குடும்பங்க நிறைய இருக்குற ஊர்ல இது தினசரி சமாச்சாரம். அந்த ஓட்டு வீடுங்கள்ல பக்கச்சுவரு பொதுச்சுவரான்னும் கேட்டுக்கோங்க, இடிச்சுக் கட்டும்போது பக்கத்து வீட்டு ஆச்சி கம்போட வந்து நிப்பாங்க.

வெளிநாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒன்னு, என்.ஆர்.ஐ.யா இருந்தா விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க அனுமதி இல்ல, வீட்டு மனையும் வீடும் வாங்கலாம். மச்சான் பேர்ல வயல் வாங்கிப் போடலாம்னு யோசிக்கிறவங்க, மச்சான நல்லா யோசிச்சுக்கோங்க.

மனைன்னா டி.டி.சி.பி, அதாவது நகர் ஊரமைப்புத் துறையோட அப்ரூவல் நம்பர் கேளுங்க, எட்டு மனைக்கு மேலயோ 500 சதுர மீட்டருக்கு மேலயோ உள்ள லேஅவுட்டுன்னா ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தோட ரெரா நம்பரும் இருக்கணும். அன்அப்ரூவ்டு மனைக்கு 2016 அக்டோபர் 20தான் எல்லைக்கோடு, அதுக்கு முன்னாடி மனையா பதிஞ்சதுக்குத்தான் வரன்முறை பண்ண வழி குடுத்தாங்க. இப்ப சில பேரு புதுசா ஒரு தந்திரம் பண்றாங்க, வயல அப்படியே வயலாவே "பிரிபடாத பாகம் 5 சென்ட்"னு எழுதி ஆளுக்கொரு துண்டா விக்கிறாங்க. பதிவு ஆகிரும், ஆனா உங்க அஞ்சு சென்ட் எந்த மூலையிலன்னு உங்களுக்கும் தெரியாது, கடவுளுக்கும் தெரியாது, பேங்க் லோனும் கிடைக்காது. மலையடிவாரத்துல சில கிராமம் ஹாகான்னு சொல்ற மலைப்பகுதி பாதுகாப்பு பட்டியல்ல வரும், அங்க கட்டுறதுக்கு தனி அனுமதி வேணும், டி.டி.சி.பி ஆபீஸ்ல கேட்டுட்டு போங்க. இந்த தலைவலி இல்லாத அப்ரூவ்டு மனைன்னா வேலை சுலபம், 2,500 சதுர அடிக்குள்ள மனையில 3,500 சதுர அடி வரைக்கும் கட்டுறதுக்கு 2024 ஜூலையில இருந்து சுயசான்று முறையில ஆன்லைன்லயே அனுமதி.

இருந்து பாத்தா எப்படி இருக்கு

நல்லாத்தான் இருக்கு, இல்லன்னா திரும்பிப் போயிருப்பேன். மத்தளம்பாறையில ஜோஹோ ஆபீஸ் வந்ததுக்கப்புறம் என்ன மாதிரி லேப்டாப் ஆளுங்கள ஊரு விசித்திரமா பாக்குறத விட்டுருச்சு, ஆனா அத சுத்தி வாடகையும் மனை விலையும் கேக்கும்போதே ஒரு தெனாவட்டு வந்துருச்சு. காய்கறி பாவூர்சத்திரம் மார்க்கெட்ல காலையில போனா சென்னை விலையில பாதிக்கு வாங்கலாம். சென்னைக்கு பொதிகை எக்ஸ்பிரஸ், சாயங்காலம் ஏறுனா காலையில எழும்பூர், டிக்கெட்தான் தீபாவளி பொங்கலுக்கு கனவு.

கஷ்டம் ஆஸ்பத்திரி. தென்காசியில அரசு தலைமை மருத்துவமனை இருக்கு, தனியாரும் இருக்கு, ஆனா பெரிய விஷயம்னா பாளையங்கோட்டை மெடிக்கல் காலேஜுக்குத்தான் அனுப்புவாங்க, தென்காசியில இருந்தே அம்பத்தஞ்சு கிலோமீட்டர் பக்கம், உங்க வீடு மலையடிவாரத்துல இருந்தா இன்னும் கூட. வயசான அப்பா அம்மாவ கூட்டிட்டு வர்றவங்க இடம் ஃபிக்ஸ் பண்றதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு அந்த இடத்துல இருந்து வண்டிய எடுத்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டிப் பாருங்க. நான் ஓட்டிப் பாத்துட்டுத்தான் தோட்டத்து நடுவுல வீடு வேண்டாம், மெயின் ரோட்டுல இருந்து ரெண்டாவது தெரு போதும்னு இறங்கி வந்தேன்.

மெயின் ரோடுன்னும் சும்மா போயிராதீங்க. புளியரை வழியா கேரளாவுக்குப் போற ஜல்லி, எம்-சாண்ட் லாரி ராத்திரி பகல்னு இல்ல, ஜன்னல் கண்ணாடி ஆடும். கார்த்திகை மார்கழியில அதே ரோட்டுல ஐயப்பமாரு வண்டி, சீசன் சனி ஞாயிறுல குத்தாலம் ரோட்ட கடக்குறதுக்கு ஒரு பொறுமை வேணும். வடகரை, மேக்கரை, கடையம் பக்கம் தோப்பு வாங்குனா யானையும் பன்னியும் வரும், வாழை வச்சீங்கன்னா அதுங்களுக்குத்தான். கோயில் கொடைன்னா, அதாவது திருவிழான்னா, மூணு நாள் குழாய் ஸ்பீக்கர், அதுக்கு வரி கேட்டு வருவாங்க, முகம் சுளிக்காம குடுத்துருங்க, அதுதான் ஊருக்குள்ள உங்க அட்மிஷன் ஃபீஸ்.

இதையும் மறைக்காம சொல்லிடணும். "நீங்க என்ன ஆளுக"ன்னு கேப்பாங்க, நேராவே கேப்பாங்க, சில தெருவுல அந்தப் பதில வச்சுத்தான் வாடகைக்கும் விக்கிறதுக்கும் சம்மதம். எனக்கு ஒரு வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்குனதுக்கு அப்புறம் யாரோ எதோ சொல்லி, "பையன் வர்றான்"னு திருப்பிக் குடுத்தாரு, அந்த வீடு அடுத்த எட்டு மாசம் பூட்டித்தான் கிடந்துச்சு. கோவமா இருந்துச்சு, இப்பவும் அந்தப் பக்கம் போனா இருக்கும். புது லேஅவுட்டுகள்ல இந்தத் தொல்லை கம்மி, டவுனுக்குள்ளயும் கம்மி, அதனாலயே நிறைய பேரு அழகான பழைய தெருவ விட்டுட்டு மொட்டை மனைக்குப் போறாங்க.

எல்லாம் பாத்தாச்சு, பத்திரம் முடிஞ்சாச்சுன்னா அன்னைக்கே ஸ்வீட் வாங்கிட்டு உக்காராதீங்க. முழு சர்வே நம்பரும் வாங்கியிருந்தா பட்டா தானா மாறும், ஒரு பகுதி வாங்கியிருந்தா உட்பிரிவு பண்ண சர்வேயர் வரணும். அவரு வர்ற தேதிக்கு லீவு போட்டு நீங்களே நில்லுங்க, பக்கத்து நிலத்துக்காரங்க நாலு பேரையும் முதல் நாளே வீட்டுக்குப் போயி கூப்பிட்டுருங்க, கல்லு நடும்போது அவங்க கண்ணு முன்னாடி நடணும். நட்ட உடனே ஒவ்வொரு கல்லையும் பின்னாடி மரமோ கிணறோ தெரியிற மாதிரி போட்டோ எடுத்துக்கோங்க. என் வடமேக்கு மூலைக் கல்லு மூணாவது மாசமே ரெண்டடி உள்ள வந்துருச்சு, மாடு முட்டிருக்கும்னு சொன்னாங்க, போட்டோவ காமிச்சதும் அதே மாடு மறுநாள் காலையில திருப்பி வச்சுருச்சு.